தோரணம் இறங்கிய பிறகு

ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் பெருவிழா நிறைவுறும். அடுத்த சில நாட்களில் அயலிலுள்ள வீடுகளைப் பார்த்தால் இரண்டு விதமான படலைகள் தெரியும். ஒன்றில் கட்டியிருந்த தென்னோலைத் தோரணம் பழுப்பேறிச் சுருண்டிருக்கும். வீட்டுக்காரர் அதை அறுத்துத் தென்னையின் அடியிலோ வாழைப்பாத்தியிலோ போட்டுவிடுவார். மற்றதில் பிளாஸ்ரிக் மாவிலையும் செயற்கைப் பூமாலையும் எல்.ஈ.டி. சரவிளக்கும் தொங்கும். அவை வாடுவதில்லை, ஆகவே இறங்குவதுமில்லை. தீபாவளி, விளக்கீடு, நத்தார், தைப்பொங்கல் எல்லாம் அவற்றின் கீழேயே வந்து போகும்.

இடையில் வருவது மாரி. வடபுலத்தின் குளிர்காலம் அதுதான். உறைபனி இல்லை, மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையிலும் வெப்பநிலை 22, 23 பாகையைவிட அதிகம் இறங்காது. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்குப் பெய்யும் ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்கிறது. வாடைக்காற்று வீசும். சீமெந்துத் தரை வேர்க்கும், உடுப்பு காயாது, அலுமாரிக்குள் பூஞ்சண மணம் வரும். குளிர்நாட்டு வீடு வெப்பத்தைப் பிடித்துவைக்கப் போராடுகிறது என்றால், நல்லூர் வீடு ஈரத்தை வெளியே தள்ளப் போராடுகிறது. இங்கே இதமான வீடு என்பது முதலில் உலர்ந்த வீடு; அதற்குப் பிறகுதான் ஒளியும் அழகும். மாரிக்கால அலங்காரத்தை இந்த அளவுகோலால்தான் அளக்கவேண்டும்.

பழைய முறைக்கு ஒரு நீண்ட ஒழுங்கு இருந்தது. மழைக்கு முன்பே ஓலைக்கூரையை மேய்ந்து முடிப்பார்கள். வேலியில் இருந்து கழற்றிய பழைய பனையோலை தோட்டத்துக்குப் பசளையாகப் போகும். மழை மண்ணை இளக்கியதும் பூவரசு, கிளுவை, முள்முருக்குக் கதியால்கள் ஊன்றப்படும். வேலி தானாகத் துளிர்க்கும். கார்த்திகையில் விளக்கீடு வரும். வாழைக்குற்றியை வாசலில் நட்டு, அதன் தலையில் சிரட்டையோ பாதியாக வெட்டிய பப்பாளிக்காயோ வைத்து, எண்ணெய் ஊற்றித் திரி கொளுத்துவார்கள். தடிகளில் துணி சுற்றி எண்ணெயில் தோய்த்த சிறு பந்தங்கள் கிணற்றடி, மாட்டுக்கொட்டில், மாமரத்தடி, படலை என்று வளவு முழுக்க எரியும். பகலிலேயே இருண்டுகிடக்கும் மாதத்தில், மனிதர் புழங்கும் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு சுடர் என்பது அதன் கணக்கு. விருந்தாளி பார்க்கும் முகப்புக்கு மட்டும் வெளிச்சம் போடும் இன்றைய வழக்கத்தைவிட அது ஆழமானது. மாட்டுக்கும் கிணற்றுக்கும் அதில் பங்கு இருந்தது.

மார்கழி பிறந்தால் வாசலில் சாணப் பிள்ளையார் பிடித்து அறுகம்புல்லும் பூசணிப்பூவும் சூட்டும் வீடுகள் உண்டு. தைப்பொங்கலுக்கு முற்றம் மெழுகி, அரிசிமாவில் கோலம் இட்டுப் புதுப்பானை ஏற்றுவார்கள். தமிழ்நாட்டைப் போல நாள்தோறும் கோலம் போடும் பழக்கம் யாழ்ப்பாணத்தில் பரவலாக இல்லை. ஆகவே பொங்கற் கோலத்துக்கு அந்த ஒருநாளின் கனம் இருக்கிறது. இவை எவையும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்பதில்லை. ஓலை வாடும், மாவை எறும்பு தின்னும், சாணம் மண்ணாகும். அடுத்த பண்டிகைக்கு வீடு வெறுமையாக நின்று காத்திருக்கும். இந்த முறையின் பெரிய பலம் இந்தக் கலைதல்தான்.

இந்த ஒழுங்கைப் புகழ்வோர் பலர் அதன் குறைகளைப் பேசாமல் விடுகிறார்கள். முதற்குறை, யாருடைய உழைப்பு என்பது. ஓலை வெட்டியது மரமேறும் சமூகம். கொண்டாட்டப் பந்தலுக்கு வெள்ளை கட்டியது சலவைத் தொழில் செய்த சமூகம். தாம் அழகுபடுத்திய வீட்டின் விறாந்தையில் ஏறி அமர அவர்களுக்கு இடமில்லாதிருந்த காலம் நெடியது. வீட்டுக்குள்ளே மெழுகுவதும் கூட்டுவதும் பொங்கல் விடியலில் முதலில் எழும்புவதும் பெண்களின் தலையில் விழுந்தன; பெரும்பாலும் இன்றும் விழுகின்றன. பிள்ளைகள் கடல்கடந்து போய்விட, எழுபது வயதில் தனியே இருக்கும் ஒரு தாயிடம் ‘ஏன் அம்மா பிளாஸ்ரிக் தோரணம்?’ என்று கேட்பது நியாயமில்லை. அவருக்குக் குருத்து வெட்டித் தர ஆளில்லை, ஏணியில் ஏறக் காலில் பலமில்லை.

இரண்டாவது குறை தண்ணீர். யாழ்ப்பாணத்தில் டெங்கு உச்சம் தொடுவது மழையோடும் மழை ஓய்ந்த கையோடும், ஏறத்தாழ நவெம்பர் முதல் ஜனவரி வரை. நுளம்பின் முட்டை புழுவாகி, கூடாகிப் பறந்துபோக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். உலர்ந்த பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டிய முட்டைகள் பல மாதம் உயிரோடிருந்து, நீர் பட்டதும் பொரிக்கும். விளக்கீட்டுச் சிரட்டையை வேலியோரம் எறிந்துவிட்டு மறந்தால் அடுத்த மழையில் அது நுளம்புத் தொட்டில். நிறைகுடத்து நீரும் பூச்சாடியும் அப்படியே. நிறம் பூசிய ரயருக்குள் செடி வைக்கும் புதிய அழகும், விறாந்தையில் போத்தலுக்குள் வளரும் மணிச்செடியும் இதே பட்டியலில்தான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவுக்குள் வந்து சிரட்டை தேடுவது பலருக்கு எரிச்சலாக இருக்கலாம். ஆனால் அவர் பண்பாட்டோடு முரண்படவில்லை. கலையவேண்டிய பொருள் கலையாமல் கிடக்கிறது என்பதைத்தான் சொல்கிறார்.

சரவிளக்குக்கு வருவோம். அதை மலிவான பகட்டு என்று ஒதுக்குபவர்கள் தொண்ணூறுகளை மறந்துவிடுகிறார்கள். 1990 இல் போரோடு குடாநாட்டுக்கான மின்சாரம் அறுந்தது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் எட்டாத விலைக்குப் போனது. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெயும் பஞ்சும் திரியுமாக ஒரு விளக்கைச் செய்து, அதன் சுடரில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு, கொட்டும் மழையில், நல்லூர் அடங்கிய வலிகாமமே இடம்பெயர்ந்தது. அந்த மாரியில் நல்லூர் வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. திரும்பி வந்த பலருக்குக் கதவும் யன்னலும் இல்லாத சுவர்களே மிஞ்சியிருந்தன. இதைக் கடந்து வந்தவர் தம் வீட்டு முகப்பில் நூறு சிறு விளக்குகளைத் தொங்கவிட்டு மாதக்கணக்காக எரியவிடுகிறார் என்றால், அதற்குப் பின்னால் ஒரு நீண்ட இருட்டு இருக்கிறது. எல்.ஈ.டி. மின்சாரத்தையும் மிகக் குறைவாகவே தின்கிறது.

ஆனாலும் குறையைக் குறையென்றே சொல்லவேண்டும். வீட்டுக்குள் எரியச் செய்த சரத்தை மழையில் நனையவிட்டு, கம்பி இணைப்பை ரேப்பால் சுற்றிவிடுவது உயிராபத்து. அதைவிட மெல்லிய இழப்பு ஒன்றும் உண்டு: எந்நாளும் எரியும் வீட்டில் விளக்கீட்டு அந்திக்கு என்று சிறப்பு ஒன்றும் மிஞ்சாது.

பிந்திய இருபது ஆண்டுகளில் இன்னொரு அழகும் வந்து சேர்ந்திருக்கிறது. ரொறன்ரோவில் தைப்பொங்கல் பனிக்குள் வருகிறது. நான்கு மணிக்கெல்லாம் இருட்டும் டென்மார்க்கில், அந்நாட்டார் ‘ஹூக’ என்று போற்றும் வீட்டு இதத்துக்கு மெழுகுதிரியும் கம்பளியும் உயிர். அங்கே குடியேறிய யாழ்ப்பாணத்தவர் தீபாவளி விளக்கைப் பொங்கல்வரை இறக்காமல் விடுவது அந்த மண்ணுக்குப் பொருத்தம். இருட்டு அத்தனை நீளம். அவர்கள் அனுப்பும் காசில் நல்லூரில் எழும் வீடுகளுக்குள் சுவர்முட்டக் கம்பளமும் கனத்த இரட்டைத் திரைச்சீலையும் பஞ்சுவைத்த பெரிய இருக்கைகளும் வந்துவிட்டன. அன்பினால் வந்தவை, ஐயமில்லை. பிள்ளை தான் சுகமாக இருக்கும் அறையைப் போல ஒன்றைத் தாய்க்கும் செய்துகொடுக்க விரும்புகிறது.

ஆனால் மாரி அதை ஏற்றுக்கொள்வதில்லை. கம்பளம் ஈரத்தைக் குடித்துவைக்கும். திரைச்சீலைக்குப் பின்னால் சுவர் கறுக்கும். காற்றோட்டத்தை அடைத்த அறையில் பூஞ்சணம் முட்டு வருத்தக்காரரைப் படுத்தும். நாற்சார் வீட்டைக் கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள்: நடுமுற்றத்தைச் சுற்றி விறாந்தை, தாழ்ந்த கூரை, காற்றுக்கு எப்போதும் ஒரு வழி. அந்த வீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு மெச்சவேண்டியதில்லை. சாரல் அடித்தால் விறாந்தை நனையும். படங்கு கட்டித்தான் சமாளிப்பார்கள். 2008 நவெம்பரில் நிஷா புயல் வந்தபோது முற்றமும் வளவும் ஒரே வெள்ளமாக நின்றன. உலர்ந்த வீடு என்ற அளவுகோலில் நாற்சார் வீட்டுக்கும் முழுப்புள்ளி கிடையாது. கம்பள அறையைவிட நிச்சயமாகக் கூடுதல்.

மாரியில் வேர்க்கும் தரைக்கு ஏற்றது பனையோலைப் பாய். தரையின் சில்லிப்பை மறிக்கும். காலையில் சுருட்டி நிமிர்த்தினால் தரையும் காயும். 1978 இல் பனை அபிவிருத்திச் சபை உருவான பிறகு சாயமிட்ட ஓலையில் தடுக்கும் பெட்டியும் விளக்குமூடியும் கடைக்கு வந்திருக்கின்றன. அவற்றுக்கும் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதை வாங்குபவருக்குச் சொல்லவேண்டும். வெயில் எறிக்கும் நாளில் வெளியே போட்டு எடுக்கும் கை இல்லாத வீட்டில் ஓலைப்பொருளும் ஒரு பருவத்தில் பாழாகும்.

இங்கே யாழ்ப்பாணக் கிறிஸ்தவ வீடுகள் ஒரு நல்ல ஒப்பீட்டைத் தருகின்றன. அங்கே நத்தார் மரமாகச் சவுக்கங்கிளையை நட்டு, பாலன் குடில் கட்டுவார்கள். ஜனவரி 6, மூவிராசாக்கள் திருநாளை ஒட்டி இரண்டும் இறங்கும். சவுக்கு அடுப்புக்குப் போகும். இன்று சில வீடுகளில் சவுக்குக்குப் பதில் பிளாஸ்ரிக் மரம். ஆனால் அதுவும் அதே நாளில் கழற்றப்பட்டுப் பெட்டிக்குள் போகிறது, பத்து ஆண்டுகள் உழைக்கிறது. ஆகவே பொருள் மட்டுமே குற்றவாளி அன்று. பெட்டிக்குள் போகும் பிளாஸ்ரிக் மரம், படலையில் நிறம் வெளிறித் தூசி படிந்து ஆண்டு முழுக்கத் தொங்கும் பிளாஸ்ரிக் மாவிலையைவிட, ஓலைத் தோரணத்தின் ஒழுங்குக்கு நெருக்கமானது.

சைவ வீடுகளில் இறக்குவதற்கென்று அப்படி ஒரு நாள் இல்லை. பழையதைக் கழித்து எரிக்கும் தமிழ்நாட்டின் போகி யாழ்ப்பாணத்தில் அவ்வளவாக வேரூன்றவில்லை. வேரூன்றாததும் ஒருவகையில் நல்லதே: 2018 போகியன்று சென்னையில் எழுந்த புகைமூட்டத்தில் விமானங்களே தடைப்பட்டன. இறக்கியதை எரிப்பது தீர்வாகாது. ஆனால் பொங்கலுக்கு முன் வீடு கழுவி முற்றம் துப்புரவாக்கும் வழக்கம் இங்கே இன்னும் உயிரோடிருக்கிறது. சரவிளக்கையும் செயற்கைத் தோரணத்தையும் அந்த நாளில் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைக்கலாம். சிரட்டைகளைப் பொறுக்கி அடுப்புக்கு விறகாக்கலாம். பீலிக்குள் அடைந்த சருகை வழிக்கலாம். ஏணியில் ஏற முடியாத தாயின் வீட்டுக்கு அயலிலுள்ள இளைஞர் இருவர் போனால் அரை மணி நேர வேலை. பொங்கல் விடிய அந்தப் படலையில் பச்சைக் குருத்து ஒன்றை அவர்களே கட்டிவிட்டும் வரலாம்.