எட்டு விநாடித் திருப்பமும் தேர்வுக்குழுவின் சறுக்கலும்

1935 நவம்பர் 21 அன்று, எடை குறைக்கப்பட்ட ஐ-15 விமானத்தில் விளாதிமிர் கொக்கினாகி 14,575 மீட்டர் உயரம் வரை ஏறினார். பேர் வாங்கித் தந்தது அந்த உயரம். ஆனால், நிகொலாய் பொலிகார்போவ் வடிவமைத்த இந்தச் சோவியத் இரட்டை இறக்கைப் போர் விமானத்தின் அசல் பலம் அதன் திருப்பம்தான். முழு வட்டம் அடிக்கச் சுமார் எட்டு விநாடி போதும். துரத்தி வந்தவன் குறிபார்த்து முடிப்பதற்குள், அவன் வாலுக்குப் பின்னால் போய் நிற்கும்.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், 1936 நவம்பரில் மாட்ரிட் வானில் அது நன்றாகவே எடுபட்டது. எதிரே வந்த ஜெர்மனியின் ஹைங்கல் 51, இத்தாலியின் ஃபியட் சி.ஆர்.32 இரண்டுமே இரட்டை இறக்கை ரகம். ஹைங்கலால் ஈடுகொடுக்க முடியவில்லை. தரைத்தாக்குதல் வேலைக்குத் தள்ளப்பட்டது.

1937-ல் ஒற்றை இறக்கை மெஸ்ஸர்ஷ்மிட் 109 வந்ததும் ஆட்டமே மாறியது. மணிக்கு ஏறத்தாழ 100 கி.மீ. கூடுதல் வேகம். அது வட்டமடிக்கும் சண்டைக்கே வராது. மேலிருந்து பாயும், சுடும், போய்விடும். சண்டையை எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது என்பது வேகக்காரன் கைக்குப் போய்விட்டது.

மாஸ்கோ என்ன செய்தது? மேல் இறக்கையின் வளைவு பார்வையை மறைக்கிறது என்று விமானிகள் முறையிட, அதை நேராக்கி ஐ-15 பிஸ் வந்தது. எடை ஏறியது; திருப்பம் பத்து விநாடியைத் தாண்டியது. அடுத்த ஐ-153-ல் வளைவு திரும்பி வந்தது, சக்கரங்கள் உள்ளே மடங்கின. 1939-ல் ஜப்பானோடு நடந்த கல்கின் கோல் போரில், சக்கரத்தை இறக்கிவிட்டுப் பழைய பிஸ் போலப் பறந்து, ஜப்பானியர் நெருங்கியதும் மடக்கிக்கொண்டு பாய்ந்தார்கள் என்பார்கள். சாமர்த்தியம்தான், ஆனால் ஒருமுறை ஏமாந்தவன் மறுமுறை உஷாராகிவிடுவான். அங்கே எதிரியான கி-27, ஒற்றை இறக்கையோடு கூடுதல் வேகத்தையும் வைத்திருந்தது, லாகவமாகத் திரும்பவும் செய்தது.

இத்தனைக்கும் மாற்று ஆட்டக்காரர் வீட்டிலேயே இருந்தார். அதே பொலிகார்போவின் ஒற்றை இறக்கை ஐ-16, ஐ-15 பறந்த இரண்டே மாதத்தில், 1933 டிசம்பரில் பறந்துவிட்டது. ஒன்று விரட்ட, மற்றொன்று சுற்றிவளைக்க என்று இரண்டையும் ஜோடியாகவே வைத்துக்கொண்டார்கள். ஐ-153 மட்டும் 3,400-க்கும் மேல் தயாரானது. 1941-ல் ஜெர்மனி படையெடுத்தபோது, அவற்றில் பல ராக்கெட் சுமந்து தரைப்படையைத் தாக்கும் வேலைக்குப் போயின.

விமானிகள்மேல் பழியில்லை. 1936-ன் ஸ்கோரைப் பார்த்து 1939-க்கு அணி எடுத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.