போது என்னும் சொல்

அரும்பு, முகை, போது, மலர், வீ என்பவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்ளும் வழக்கம் மாணவரிடையே மிகுந்துள்ளது. நிகண்டையே துணைக்கொண்டு செய்யுளை அணுகுவதன் விளைவு இது. இவை பூவின் பருவப் பெயர்கள். வீ, உதிரும் பூவைச் சுட்டும்.

இவ்வேறுபாட்டைப் புறக்கணிப்பின் 1227-ஆம் குறள் சிதையும். ஆண்டுக் காமநோய் காலையில் அரும்பாகவும், பகலெல்லாம் போதாகவும் நின்று, மாலையிலேயே மலர்கின்றது. போது என்பதற்கு மலர் என்றே பொருளுரைப்பின், பகலில் மலர்ந்தது மாலையில் மீண்டும் மலர்வது எங்ஙனம்? காஞ்சியினர் என மரபு கூறும் பரிமேலழகர் அதனைப் பேரரும்பு என்றே கொண்டார். முதிர்ந்தும் விரியாத நிலை அது. தலைவி பகல் முழுதும் அடக்கிவைத்த துயரை அவ்வொரு சொல்லே தாங்குகின்றது. பிற்கால எளிய உரைகள் சில இவ்விடத்தை விரைந்து கடப்பது வருந்தத்தக்கது.

இறையனார் களவியலுரைகாரர் அம்பலையும் அலரையும் பிரித்ததும் இம்முறையிலேயாம். விரியும் தறுவாயில் நிற்கும் பெரும்போது அம்பல். தாதும் அல்லியும் தோன்ற விரிந்தது அலர். சிலர் குறிப்பாற் பேசுவதற்கும் ஊரறியப் பேசுவதற்கும் உள்ள இடைவெளியை அளக்கப் பூவின் பருவமே கோலாயிற்று.

ஏட்டிற்கு வெளியேயும் இந்நுண்மை மறைந்திலது. காஞ்சிப் பட்டின் கோலமொன்றற்கு மல்லிமொக்கு என்று பெயர், மல்லிகைப்பூ என்றன்று.