இருபத்தைந்து அடி தூரத்து முகங்கள்

முகத்தை முடிக்காமல் விட்டுவிடுகிறார் என்பதுதான் இப்போது அந்த ஓவியர்மீது எல்லோரும் சொல்லும் புகார். ஒரு காலத்தில் இமை மயிரைக்கூட எண்ணிவிடலாம் போல வரைந்தவர், இன்று கன்னத்தில் நாலு பட்டை அடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறாராம். கை தளர்ந்துவிட்டது, ஃபார்ம் போய்விட்டது, பழைய பெயரை வைத்து ஓட்டுகிறார் என்கிறார்கள். நான் முழுக்க அவர் கட்சி. இந்தப் புகாரைச் சொல்பவர்கள் அவருடைய ஆட்டத்தைத் தவறான இடத்தில் நின்று பார்க்கிறார்கள்.

பெயர் வேண்டாம். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும். எது என்ன விலைக்குப் போனது, எந்த விருது கிடைத்தது, எது கைநழுவியது என்ற கணக்கும் உங்களுக்கு மனப்பாடம். அவர் எடுக்கும் ஒரே ஒரு முடிவைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன். பார்ப்பவரை எத்தனை அடி தூரத்தில் நிறுத்துவது என்ற முடிவு அது.

அவர் வரைந்த மரக்காணம் உப்பள வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றடியில் நின்றால், உப்பு வாரும் பெண்ணின் முகத்தில் கிடைப்பது ஒரு ரோஜாப் பட்டை, அதன் பக்கத்தில் சாம்பல் கலந்த பச்சை, நெற்றியில் கறுப்புக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்ட செம்மண் நிறம், அவ்வளவுதான். மூக்கு எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கும். பின்னால் நகருங்கள். பதினைந்து அடியில் மூக்கு வரும். இருபது அடியில் வாய் இறுகும். இருபத்தைந்து அடியில் அவள் உங்களைப் பார்ப்பாள், வேலையை நிறுத்த மனமில்லாத பார்வையோடு. அந்தப் பார்வையை இமை மயிர் வரைந்த காலத்தில் அவரால் கொண்டுவர முடிந்ததே இல்லை. அந்தப் பழைய ஓவியங்களில் திறமை இருந்தது, ஆட்கள் இல்லை.

இந்த முடிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், விமர்சகர்கள் ஐரோப்பாவைக் கை காட்டுவார்கள். திண்டிவனத்தையும் புதுச்சேரியையும் காட்டினால் போதும். அவருடைய அப்பா அங்கே தியேட்டர்களுக்கு பேனர் வரைந்தவர். சின்னப் புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாக இழுத்து, துண்டு துண்டாக வரைந்து, பிறகு சாரத்தில் ஏற்றி ஒன்று சேர்க்கும் வேலை. வரைகிறவருக்கு முழு முகம் தெரியாது. கண் ஒரு துண்டில் இருக்கும், தாடை இன்னொரு துண்டில் இருக்கும். வெளிச்சம் படும் பக்கத்துக்கு ரோஜா, நிழலுக்குப் பச்சையோ நீலமோ. கிட்டத்தில் பார்த்தால் காயம்பட்ட முகம் மாதிரி இருக்கும். பஸ்ஸில் போகிறவனுக்கு அது கதாநாயகன்.

ஏற்றிய பிறகு சரி பார்க்க ஒருவர் வேண்டும். அந்த வேலை அப்போது சிறுமியாக இருந்த நம் ஓவியருக்கு. சாலையின் எதிர்ப்பக்கம் டீக்கடை வாசலில் நின்றுகொண்டு மேலே பார்த்துக் கத்துவாராம்: “அப்பா, இடது கண்ணு கீழ எறங்கிடுச்சு!” சாரத்திலிருந்து அப்பா கேட்பாராம்: “எவ்ளோம்மா? ஒரு கை அளவா?” அவரே மேடைகளில் சொல்லியிருக்கிற விஷயம்தான் இது. கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவருக்குக் கிடைத்த முதல் பயிற்சி பிரஷ் பிடிப்பதில் இல்லை, தூரத்தில் நிற்பதில்தான் என்று யாரும் எழுதவில்லை.

தாத்தா பக்கமும் அதே கதைதான். அவர் கூத்தில் வேஷம் கட்டியவர். தென்னார்க்காட்டில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் துரியோதனனுக்கு எழுதும் செம்முகம் கண்ணாடி முன் உட்கார்ந்து ரசிப்பதற்கானது அல்ல. விடிய விடியத் தரையில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் கடைசி வரிசைக்கும், தூக்கம் சொக்கும் கண்ணுக்கும் அது எட்ட வேண்டும். புருவம் தடிப்பதும் மீசை கன்னம் வரை ஏறுவதும் அதற்காகத்தான்.

குடும்பத்தில் ஓவியம் இருந்தால் பிள்ளைக்குக் கோடு வரும், கை வரும் என்று சொல்வது நம் வழக்கம். நான் பார்த்தவரை பிள்ளைக்கு வருவது தூரம். ஓவியர் மணியத்தையும் அவர் மகனையும் பாருங்கள். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடருக்கு வரைந்த மணியம் 1968-ல் மறைந்தார். மகன் லோகநாதன்தான் நாம் அறிந்த மணியம் செல்வன். அப்பாவிடம் கோடு ஆளும், மகனிடம் வண்ணக் கரைவும் ஒளியும் ஆளும். பாணி மாறிவிட்டது. ஆனால் இருவருமே மடியில் விரித்த பத்திரிகைக்கு வரைந்தவர்கள். வாசகரின் கண்ணுக்கும் தாளுக்கும் இடையில் இருக்கும் அந்த ஓர் அடியை மகன் கைவிடவே இல்லை.

அதற்கு எதிர்முனையில் இருந்தது கோவில்பட்டி. அங்கே ஓவியர் கொண்டையராஜு நாடகத் திரைச்சீலைகளிலிருந்து காலண்டர் சாமிப் படங்களுக்கு வந்தார். அவரைச் சுற்றி ஒரு சீடர் கூட்டமே வளர்ந்தது. அந்தச் சாமிப் படங்களைச் சுவரில் மாட்டி, கூடத்தின் மறுகோடியிலிருந்து கும்பிட்டாலும் முகம் கலையாது. மேடைக்கு வரைந்த பழக்கம் அதில் இருக்கிறது. எம்.எஃப். உசேன் 1930-களில் பம்பாயில் சினிமா விளம்பரப் பலகை வரைந்தவர் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஐரோப்பாதான் வேண்டும் என்பவர்களுக்கு டிஷியன் இருக்கிறார். அண்ணன் தம்பி, மகன் என்று அதுவும் ஓவியக் குடும்பம்தான். அவருடைய கடைசிக் காலப் படங்களைப் பற்றி, ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரி 1568-லேயே எழுதிவிட்டார்: கிட்டே போனால் ஒன்றும் புரியாது, எட்ட நின்றால் முழுமையாகத் தெரியும் என்ற பொருளில். அதைப் பார்த்துவிட்டு எளிது என்று நினைத்துப் போலி செய்தவர்கள் சொதப்பியதையும் அதே இடத்தில் சொல்கிறார். நம்மவருக்கும் இப்போது போலிகள் கிளம்பியிருக்கிறார்கள். பட்டை அடிக்கிறார்கள், தூரம் தெரியவில்லை.

இரண்டாவது புகார் வெளிச்சத்தைப் பற்றியது. மோவாய் வெளுத்திருக்கிறது, நெற்றி கறுத்திருக்கிறது, உச்சி வெயிலில் இது தலைகீழ் என்கிறார்கள். இவர்கள் மரக்காணம் பாத்தி வரப்பில் ஒரு மதியம் நின்றிருக்க மாட்டார்கள். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு குனிந்து உப்பு வாருகிறவரின் முகத்துக்கு மேலிருந்து வெயில் நேரே விழாது. காலடியில் இருக்கும் உப்பும் நீரும்தான் வெயிலை மேலே அடிக்கின்றன. முதலில் பளிச்சென்று தெரிவது மோவாய், பிறகு மூக்கின் அடிப்பகுதி. நெற்றி இருட்டில் கிடக்கும். அவர் பார்த்ததை வரைந்திருக்கிறார். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் அந்தப் படத்தைப் பார்த்தால் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

ஒரு குறை எனக்கும் உண்டு, அது கைகள். பலகையைப் பிடித்திருக்கும் விரல்களை, நகத்தோரத்து உப்பு வெடிப்பு வரை, இன்னும் மூன்றடிக்கு வரைகிறார். முகம் என்னைப் பின்னால் தள்ளுகிறது, கை முன்னால் இழுக்கிறது. பழைய பாராட்டின் ருசி விரல்களில் மட்டும் தங்கிவிட்டது என்று நினைக்கிறேன். அடுத்த வரிசையில் அதையும் விட்டுவிடுவார்.

அடுத்த வரிசை உப்பளமாக இருக்காது என்பது என் கணிப்பு. மழைக்காலத்தில் பாத்திகள் மூழ்கிக் கிடக்கும்போது அவர் செம்மண் பக்கம் திரும்புவார், இரும்பைக்கு. சொந்த ஊரை இதுவரை அவர் தொட்டதே இல்லை, அடிப்பூச்சில் வரும் அந்தச் சிவப்பைத் தவிர. சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயிலும், கடுவெளிச் சித்தர் கதையும் அவர் வாசலிலேயே இருக்கின்றன. ஊர் சொல்லும் கதை இதுதான்: வள்ளி என்ற நடனப் பெண் ஆடும்போது காற்சிலம்பு கழன்றுவிட, சித்தர் எழுந்துபோய் எடுத்துப் பூட்டிவிடுகிறார். கூட்டம் கைகொட்டிச் சிரிக்கிறது. சித்தர் பாட, லிங்கம் பிளக்கிறது, ஊர் வறள்கிறது. இத்தனைக்கும் சித்தர் செய்தது ஆட்டம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக. கிட்டே இருந்தவருக்குச் சிலம்பு தெரிந்தது, எட்ட இருந்தவர்களுக்கு ஓர் ஆண் பெண்ணின் காலைத் தொடுவது மட்டும் தெரிந்தது.

தூரத்தை நம்பியே ஆடுகிற ஒருவருக்கு இதைவிடக் கடினமான எதிராளி கிடைக்க மாட்டார். அதை அவர் வரைந்தால், நம்மைச் சிரிக்கும் கூட்டத்தின் நடுவில் நிறுத்துவார். அங்கிருந்து சிலம்பு தெரியாது. நடந்து முன்னால் போனால்தான் தெரியும். இதுவரை பின்னால் போகச் சொன்னவர் முதல்முறையாக நம்மை முன்னால் அழைப்பார். அந்தப் படத்தின் அகலம் பன்னிரண்டு அடிக்குக் குறையாது என்றும் சொல்லிவைக்கிறேன்.

அவருடைய மகள் டேப்லெட்டில் வரைகிறாள். திரைக்கும் அவள் மூக்குக்கும் ஒரு சாண் இருக்கும். மூன்று தலைமுறைத் தூரம் அங்கே சுருங்கிவிடும் என்று கவலைப்படுகிறார்கள். பத்து ஆண்டில் அவள் சுவர்களில் வரைவாள் என்று நான் பந்தயம் கட்டுகிறேன்.

அதுவரை காட்சிக்கூடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவருடைய படங்களைக் குறுகலான நடைபாதையில் மாட்டாதீர்கள். எதிரே இருபத்தைந்து அடி காலியிடம் கொடுங்கள், நடுவில் போட்ட சோபாவை எடுத்துவிடுங்கள். பார்க்கப் போகிறவர்கள் முதலில் எதிர்ச்சுவரில் முதுகு படும்வரை பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு, பிறகு தீர்ப்பு எழுதுங்கள்.