இரண்டு டன் பாய்லரில் எத்தனை கிலோ ஆவி?

தொழிற்சாலைக் கொதிகலனின் திறன், ஒரு மணி நேரத்தில் அது எழுப்பும் நீராவியின் எடையால் சொல்லப்படுகிறது. விலைப் பட்டியல்களில் அந்த எடையை ஒட்டி ‘எஃப் அண்ட் ஏ 100 டிகிரி’ என்று ஒரு குறிப்பு இருக்கும். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸிலேயே கொதிகலனுக்குள் நுழைந்து, அதே 100 டிகிரியில் ஆவியாவதாக வைத்துப் போட்ட கணக்கு அது. அப்படியானால் கிலோவுக்குச் சுமார் 540 கிலோகலோரி வெப்பம் போதும். உலகம் ஏற்ற பொது அளவுகோல் இது, குறை சொல்ல ஒன்றுமில்லை என்பது விற்பவர்கள் தரப்பு வாதம். அதில் பாதிதான் சரி.

வெவ்வேறு அழுத்தத்தில் ஓடும் இரண்டு பாய்லர்களை ஒப்பிட ஒரு பொது நிலை வேண்டும் என்பது உண்மை. பழைய அளவுகள் இதைவிட மோசமானவை. 1876 பிலடெல்பியா கண்காட்சியை ஒட்டி வந்த பாய்லர் குதிரைத்திறன், இன்றைய கணக்கில் மணிக்கு 15.65 கிலோ ஆவி. நீராவி எஞ்சின்கள் சிக்கனமானதும் அந்தப் பெயருக்குப் பொருளில்லாமல் போயிற்று. இந்தியாவில் 1923ஆம் ஆண்டுக் கொதிகலன் சட்டத்தின்கீழ் பதிவுக் கட்டணம் சூடேறும் பரப்பை வைத்து, சதுர மீட்டரில் கணக்கிடப்பட்டது. கட்டணத்துக்கு அது சரி. எத்தனை கிலோ ஆவி வரும் என்பதைப் பரப்பு மட்டும் சொல்லாது.

ஆனால் 100 டிகிரித் தண்ணீர் எந்த ஆலையில் இருக்கிறது? ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் கால்வாய்கள் பாயும் ஏரல் வட்டாரத்தில் ஒரு புழுங்கல் அரிசி ஆலையை எடுத்துக்கொள்ளலாம். தொட்டித் தண்ணீரின் சூடு ஏறத்தாழ 30 டிகிரி. அதைச் சதுர சென்டிமீட்டருக்கு 10.5 கிலோ அழுத்தத்தில் ஆவியாக்கக் கிலோவுக்குச் சுமார் 635 கிலோகலோரி வேண்டும். 540ஐ 635ஆல் வகுத்தால் 0.85. ‘இரண்டு டன்’ என்று வாங்கிய பாய்லர் தருவது 1,700 கிலோ. முழுச் சுமையில் ஓடினாலும் 300 கிலோவைக் காணோம்.

இந்தப் பள்ளம் எல்லா ஆலைக்கும் ஒன்றல்ல என்பதே பெரிய அநியாயம். காகித ஆலையில் உலர்த்தும் உருளைகளுக்குள் போகும் ஆவி வெந்நீராகித் தொட்டிக்குத் திரும்புகிறது. பாய்லருக்குள் செலுத்தும் ஊட்டுநீர் 90 டிகிரியில் இருந்தால் அதே பாய்லர் 1,880 கிலோ தரும். குறைவு ஆறு சதவீதமே. நெல் அவிக்கும் ஆலையிலோ ஆவி நேராக நெல்லுக்குள் பாய்ச்சப்படுகிறது. நெல்லில் கலந்த ஆவி திரும்பாது. ஒவ்வொரு கிலோவுக்கும் பச்சைத் தண்ணீரைப் புதிதாக ஏற்ற வேண்டும். பொறியாளர் வைத்துக்கொள்ள வசதியுள்ள பெரிய ஆலைக்கு இந்த அளவுகோல் ஏறத்தாழ உண்மை சொல்கிறது; உமி எரித்துப் பிழைக்கும் சிறிய ஆலைக்குத்தான் முழுக் குறைவும் விழுகிறது.

வாங்குபவர்கள் பெரும்பாலும் அழுத்தத்தைத்தான் விசாரிக்கிறார்கள். 10.5 கிலோவை 7 கிலோவாகக் குறைத்தாலும் வெப்பத் தேவை கிலோவுக்கு நான்கு கிலோகலோரிகூட மாறாது. ஊட்டுநீர் 60 டிகிரி ஏறினால் அறுபது கிலோகலோரி மிச்சம். கேட்க வேண்டிய கேள்வி தண்ணீரின் சூடு. பட்டியலில் இல்லாததும் அதுதான்.

மாற்றுக் கணக்கை வாங்குபவரே போட்டுக்கொள்ளலாம் என்ற பதில் ஏற்கத்தக்கதல்ல. நீராவி அட்டவணை விற்பவர் மேசையில் இருக்கிறது, ஆலைக்காரர் கையில் இல்லை. குறைவு தெரிவது பாய்லரை நிறுவிய பிறகு, அவிக்கும் கலங்கள் எல்லாம் ஒன்றாக ஆவி கேட்கும்போது. அழுத்தம் இறங்கும், உள்ளே நீர்மட்டம் பொங்கி ஆவியோடு நீர்த்துளிகளும் குழாயில் ஏறும். ஈர ஆவியில் வெப்பம் குறைவு, எனவே அவிக்கும் நேரம் நீளும். வேலையாள் உமியை இன்னும் தள்ளுவார். பழி அவர் மேல் விழும்.

விலைப்புள்ளியில் இரண்டு எண்கள் இருந்தால் போதும். ஒன்று, வெப்பமாகவே சொன்ன திறன்: ‘இரண்டு டன்’ என்பது மணிக்கு 10.8 லட்சம் கிலோகலோரி, அதாவது சுமார் 1,256 கிலோவாட். மற்றது, வாங்கும் ஆலையின் ஊட்டுநீர்ச் சூட்டிலும் அழுத்தத்திலும் வரும் கிலோ. நிறுவிய பின் ஊட்டுநீர்க் குழாயில் ஒரு மீட்டர் வைத்து இதைச் சரிபார்க்கலாம். தொடக்கத்திலும் முடிவிலும் பாய்லரின் நீர்மட்டமும் அழுத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். அடியில் திறந்துவிட்ட தண்ணீரைக் கழிக்க வேண்டும். ஆவியோடு போன நீர்த்துளிகளையும் அந்த மீட்டர் ஆவியாகவே எண்ணும் என்பதால், ஆவியின் ஈரத்தையும் சேர்த்துச் சோதித்தால்தான் கணக்கு முடியும்.