எட்டோஷாவின் நீர்க்குட்டைகள்

நமீபியாவின் வடக்கே உள்ள எட்டோஷா, 1907-இல் விலங்குக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 22,000 சதுர கிலோமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளை வெளேரென்ற உப்புப் படுகை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, வழிகாட்டி இல்லாமல், தாங்களே கார் ஓட்டிப் போய் யானையும் சிங்கமும் பார்க்க இவ்வளவு இசைவான காடு அரிது. சரளைச் சாலைகளுக்குச் சாதாரணக் காரே போதும். வேகம் 60 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது; வேலியிட்ட இடங்களுக்கு வெளியே இறங்கக்கூடாது; பொழுது சாயுமுன் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும்.

விலங்கைத் தேடி அலைவது வீண். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில்லாத காலம். புல்வெளியில் தேங்கிய நீரெல்லாம் வற்றியிருக்கும். மிஞ்சிய குட்டைகளுக்கு எல்லா உயிரும் வந்தே தீர வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் இங்கே உண்மையான கலை, குழந்தைகளுக்கும் அது விரைவில் பிடிபட்டுவிடுகிறது. வரிக்குதிரைகள் வரிசையாக வரும். ஒட்டகச்சிவிங்கி மட்டும் நெடுநேரம் தயங்கும். பிறகு முன்னங்கால்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டி, கழுத்தைத் தாழ்த்திக் குடிக்கும். சிங்கத்திடம் அது எளிதில் சிக்கக்கூடிய தருணம் அதுவே. சட்டென்று நிமிரும்போது வாயிலிருந்து நீர் வளைந்து தெறிக்கும்.

ஒக்காகுயேயோ முகாமின் குட்டைக்கு இரவிலும் மின்விளக்கு உண்டு. தாழ்ந்த மதிலுக்கு இப்பால் குடும்பங்கள் பேச்சின்றி அமர்ந்திருக்க, அப்பால் கறுப்புக் காண்டாமிருகம் இருளிலிருந்து வந்து நீர் அருந்தும். அதன் உருவம் தலைகீழாக நீரில் அசையும்.