பழுப்புப் பூச்சின் நுட்பம்

கொஞ்ச நாள் ஓடிய டயரின் பக்கவாட்டை உற்றுப் பாருங்கள். கறுப்பின்மேல் மெல்லிய பழுப்பு படர்ந்திருக்கும். தேய்த்துக் கழுவினாலும் சில வாரங்களில் மறுபடி தலைகாட்டும். காரணம், அந்தப் பழுப்பு உள்ளேயிருந்து வருகிறது. பெரும்பாலும் அது 6-பிபிடி என்னும் அமீன் செய்யும் வேலை.

ரப்பருக்குப் பரம எதிரி காற்றிலுள்ள ஓசோன். ரப்பர்ச் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளைத் தேடிப்பிடித்து அறுக்கும். இழுபடும் இடத்தில் குறுக்குவாட்டில் வெடிப்பு விழும். 1960களிலிருந்து டயர்க் கலவையில் சேர்த்துவரும் இந்த அமீன், ரப்பரை முந்திக்கொண்டு தானே ஓசோனோடு வினைபுரிந்து அழிகிறது. மேற்பரப்பில் உள்ளது தீரத் தீர, உள்ளே கரைந்திருப்பது வேர்வைபோல் மெல்லக் கசிந்து மேலே வரும். அந்த வேகத்தில்தான் நயமே இருக்கிறது. கூடினால் சரக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும். குறைந்தால் ரப்பர் வெடிக்கும். மூலக்கூறின் ஒரு முனையில் ஆறு கார்பன் கொண்ட கிளை ஒன்று இருக்கிறது. மூன்றே கார்பன் கிளை கொண்ட அதன் பங்காளி, ஐபிபிடி, இதைவிட விரைவாக வெளியேறிவிடும். மூன்று கார்பன் கூடியதில் டயருக்கு ஆயுள் கூடுகிறது!

டயர் தேய்கிறது, துகள் சாலையில் படிகிறது, மழை அதை ஓடைக்குக் கொண்டுபோகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகர ஓடைகளுக்குக் கடலிலிருந்து முட்டையிடத் திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள், மழை பெய்த சில மணி நேரத்தில் வாய் பிளந்து, நிலை தடுமாறி, வயிற்றில் முட்டையோடு செத்து மிதந்தன. ஏன் என்று வெகுகாலம் பிடிபடவில்லை.

2020இல் வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள், டயர் ஊறிய நீரைப் பிரித்துப் பிரித்துக் கடைசியில் ஒரே பொருளில் வந்து நின்றார்கள். 18 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். இந்தக் கணக்குக்குப் பொருந்தும் டயர் வேதிப்பொருள் எந்தப் பட்டியலிலும் இல்லை. 6-பிபிடியில் 18 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன். கார்பனும் நைட்ரஜனும் அச்சாகப் பொருந்துகின்றன. இரண்டு ஹைட்ரஜன் போய், இரண்டு ஆக்சிஜன் வந்திருக்கிறது. ஓசோன் தொட்ட தடயம் அது. புதிய பொருளுக்கு 6-பிபிடி குயினோன் என்று பெயரிட்டார்கள்.

லிட்டருக்கு 95 நானோகிராம் இருந்தாலே கோஹோக்களில் பாதி சாகும் என்று 2022இல் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்குப்படி ஒரு கிராம், சுமார் ஒரு கோடி லிட்டர் நீருக்குப் போதும். அதே நீரில் நீந்தும் சம் என்னும் சால்மன் வகைக்கோ ஒன்றும் ஆவதில்லை. அதே சாலை நீரை மணலும் மட்கிய உரமும் கலந்த படுகையில் வடியவிட்டால் கோஹோவும் பிழைத்துக்கொள்கிறது.

மூல அமீன் தண்ணீரில் ஒரு நாள்கூடத் தாங்காது. சில மணி நேரத்தில் பெரும்பகுதி சிதைந்துவிடும். ஏட்டில் அது நற்சான்று. ஆனால், சிதைந்ததெல்லாம் தொலைந்ததாகிவிடாது. டயரில் 6-பிபிடிக்கு மாற்று தேடும்படி 2023 அக்டோபர் முதல் கலிபோர்னியா உற்பத்தியாளர்களைக் கட்டாயப்படுத்தியிருக்கிறது. அடுத்து வரும் மாற்றையாவது, எவ்வளவு நாளில் சிதையும் என்பதோடு, சிதைந்து எதுவாக மாறும் என்றும் கேட்டபிறகே ஒப்புக்கொள்ள வேண்டும்.