பழைய பெட்டிக்கு ஊக்கமருந்து

யூடியூபில் பழைய கம்ப்யூட்டருக்கு வைத்தியம் சொல்கிற வீடியோக்கள் பெரும்பாலும் ஒரே பாட்டுதான்: பயாஸை அப்டேட் பண்ணு, பிறகு ஓவர்கிளாக் பண்ணு, பெட்டி பறக்கும். இரண்டையும் ஒரே மருந்தாகக் கலக்குவதுதான் முதல் கோளாறு.

பயாஸ் அப்டேட் வருவது வேகத்துக்காக அல்ல. புதிய பிராசசரை மதர்போர்டு அடையாளம் காண, கோளாறு நீக்க, பாதுகாப்பு ஓட்டை அடைக்க. ஜி31 போர்டில் ஒரு கோர் 2 குவாட் போடப் போகிறீர்கள், அதற்குப் புதிய பயாஸ் வேண்டும் என்று தயாரிப்பாளரின் பட்டியல் சொல்கிறதா? செய்யலாம். பாதுகாப்புக்காக என்றால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஸ்பெக்டர் ஓட்டை 2018 ஜனவரியில் வெளியே வந்தது. உல்ஃப்டேல் போன்ற பழைய பிராசசர்களுக்குத் திருத்தம் வராது என்று ஏப்ரலிலேயே இன்டெல் கைவிரித்துவிட்டது.

அடுத்தது ஓவர்கிளாக். 2008இல் வந்த பென்டியம் ஈ5200ஐ எடுத்துக்கொள்வோம். 200 மெகாஹெர்ட்ஸ் பஸ், 12.5 பெருக்கி: 2.5 கிகாஹெர்ட்ஸ். பஸ்ஸை 266 ஆக்கினால் 3.33. கணக்கு அழகாத்தான் இருக்கு. ஆனால் மின்செலவு வேகத்தோடும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறும். 1.25 வோல்ட்டை 1.35 ஆக்கினால் வேகம் 33 சதவீதம் கூடும். மின்செலவு சுமார் 55 சதவீதம் கூடும். அத்தனையும் சூடு. 20 டிகிரி ஏசி அறையில் 60 காட்டுகிற பிராசசர், சித்திரை மாசம் 33 டிகிரி நாகர்கோவில் வீட்டில் 73ஐ ஒட்டி நிற்கும். ஃபேன் அறைக்காற்றைத்தானே வீசும்?

வீடியோக்கள் அரைவாக்கியத்தில் தாண்டிப்போவது கரண்ட்டு விஷயம். பயாஸ் எழுதுகிறபோது பழையதை அழித்துவிட்டுத்தான் புதியது ஏறும். நடுவில் மின்சாரம் போனால் பெட்டி செங்கல்தான். சிப்பைத் தனியாக எழுத ஆள் தேடணும். ஒக்கியை விடுங்கள், ஆடிக் காற்றுக்கே கம்பியில் தென்னமட்டை விழுகிற ஊர் இது. யுபிஎஸ் இல்லாமல் தொடவே கூடாது.

இத்தனை ஆபத்துக்கும் பலன் என்ன? பழைய பெட்டி இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பிராசசர் இல்லை, ஹார்ட் டிஸ்க். அங்கங்கே சிதறிக் கிடக்கிற தகவலை அது நொடிக்கு நூறு தடவை சொச்சம்தான் தேடும். எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கில் தேடும். பொழுதுபோக்குக்கு ஓவர்கிளாக் பண்ணுகிறவர் பண்ணட்டும், அதுவும் ஒரு ரசனை. பிள்ளையின் தேர்வுப் படிப்பும் கடைக்கணக்கும் ஒரே பெட்டியில் ஓடுகிற வீட்டுக்கு இதைச் சிபாரிசு செய்வது வைத்தியமே இல்லை. அங்கே ஒரு எஸ்எஸ்டி போட்டு, தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றினால் போதும்.